பீரங்கிப் பட்டியலிலிருந்து படிவக் கேள்விக்கு

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபில் கார்ன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் நாட்டு வெளியுறவுத் துறைக்கு அடுத்தடுத்து இரண்டு விண்ணப்பங்களை அனுப்பினார். முதல் விண்ணப்பம் ஒரு புத்தகத்தைப் பற்றியது. புரூஸ் ஷ்னையர் எழுதிய 'அப்ளைடு கிரிப்டோகிராஃபி' என்ற அந்த நூலின் இறுதிப் பகுதியில், தகவலை மறைத்துப் பூட்டும் என்கிரிப்ஷன் நிரல்கள் பக்கம் பக்கமாக அச்சாகியிருந்தன. அந்த நூலை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் வேண்டுமா என்று கார்ன் கேட்டிருந்தார். வேண்டாம் என்று மார்ச் மாதம் பதில் வந்தது. இரண்டாவது விண்ணப்பம் ஒரு ஃபிளாப்பி தகட்டைப் பற்றியது. நூலில் அச்சான நிரல்களே எழுத்துப் பிசகாமல் அதில் பதிவாகியிருந்தன. அந்தத் தகடு ராணுவத் தளவாடம் என்று மே மாதம் பதில் வந்தது.

அப்படி முடிவு செய்வதற்கு அடிப்படையாக இருந்தது அமெரிக்காவின் ராணுவத் தளவாடப் பட்டியல். பீரங்கி, டாங்கி, போர் விமானம், போர்க்கப்பல் எல்லாம் இடம்பெற்ற அந்தப் பட்டியலின் 13ஆம் பிரிவில் என்கிரிப்ஷன் மென்பொருளும் இருந்தது. உரிமம் இல்லாமல் அதை எல்லை தாண்ட விட்டால் 10 லட்சம் டாலர் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. புத்தகம் தாராளமாகப் போகலாம்; அதே எழுத்துகளைச் சுமந்த தகடு போகக் கூடாது.

இன்று கோயம்புத்தூரில் ஒருவர் ஐபோனுக்கு ஒரு செயலி எழுதி ஆப் ஸ்டோரில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், விலை, படங்கள் எல்லாம் நிரப்பிய பிறகு ஏற்றுமதி விதிகள் குறித்த ஒரு கேள்வி வரும். செயலி என்கிரிப்ஷனைப் பயன்படுத்துகிறதா, பயன்படுத்தினால் எந்த வகை என்று அது கேட்கும். ஏற்றப்படும் செயலி அமெரிக்காவிலுள்ள ஆப்பிளின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் பிற நாடுகளுக்குப் போகிறது. ஆகவே எழுதியவரின் நிறுவனம் எந்த ஊரில் பதிவாகியிருந்தாலும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் அந்தச் செயலிக்குப் பொருந்தும். இயங்குதளம் தரும் வழக்கமான பாதுகாப்பு இணைப்பை மட்டும் பயன்படுத்துபவர் தனியாக ஆவணம் எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

கார்ன் இரண்டு கடிதங்களுக்குக் காத்திருந்து, பின் நீதிமன்றப் படியும் ஏறிக் கேட்ட கேள்விதான் இது. முப்பது ஆண்டுகளில் அது சில நொடிகளில் கடக்கும் ஒரு படிவ வரியாகியிருக்கிறது. இதில் கிடைத்தது மிகப் பெரியது. கைநழுவியது சிறியதல்ல.

நாற்பது பிட் எல்லை

அன்றைய கட்டுப்பாட்டை அதன் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் மறைசெய்திகளை உடைத்தது போரின் போக்கையே பாதித்தது. அதன் பிறகும் வெகுகாலம் மறைக்குறியீடு என்பது படைகளுக்கும் தூதரகங்களுக்கும் உரியதாகவே இருந்தது. 1949 முதல் மேற்கு நாடுகள் கோகாம் என்ற ஒருங்கிணைப்புக் குழு வழியாக, சோவியத் அணிக்கு எந்தத் தொழில்நுட்பம் போகலாம், எது போகக் கூடாது என்று பட்டியலிட்டு வந்தன. 1977இல் டெஸ் என்ற 56 பிட் முறை அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்டு வங்கிகளுக்கும் வந்தது. அப்போதும் பட்டியல் மாறவில்லை. ஒரு மென்பொருள் வெளியே போகலாமா என்பதில் மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் உள்ள தேசியப் பாதுகாப்பு முகமையின் கருத்துக்கே எடை அதிகமாக இருந்தது.

1992இல் மென்பொருள் நிறுவனங்களின் சங்கமும் அரசும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. ஆர்சி2, ஆர்சி4 என்ற இரு முறைகளில் ஒன்றைப் பயன்படுத்தி, சாவியின் நீளத்தை 40 பிட்டுக்குள் வைத்துக்கொண்டால் விண்ணப்பம் விரைவாகப் பரிசீலிக்கப்படும். 40 பிட் சாவி என்றால் ஏறத்தாழ 1,10,000 கோடி சாவிகளில் ஒன்று. மனிதக் கைக்கு அது பெரிய எண், கணினிக்கு அப்படியல்ல. அரசு அந்த எல்லையை ஒப்புக்கொண்டதற்கு அதுவே காரணம்.

அதன் பிறகு நெட்ஸ்கேப் உலாவி இரண்டு பதிப்புகளாக வந்தது. அமெரிக்காவுக்குள் 128 பிட், வெளியுலகுக்கு 40 பிட். 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியபோது, சென்னையில் இணைப்புப் பெற்ற ஒருவர் சட்டப்படி பயன்படுத்தக்கூடியது அந்த 40 பிட் பதிப்புதான். இரண்டு பதிப்புகளும் பார்வைக்கு ஒன்றுதான். கடன் அட்டை எண்ணைத் தட்டச்சு செய்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

வேறுபாடு எவ்வளவு என்பதை அதே மாதம் பிரான்ஸ் காட்டியது. அங்குள்ள இன்ரியா ஆய்வு நிறுவனத்தின் தாமியன் தோலிகேஸ், ஏறத்தாழ 120 கணினிகளையும் சில இணைக்கணினிகளையும் கொண்டு 40 பிட் நெட்ஸ்கேப் இணைப்பு ஒன்றை 8 நாட்களில் திறந்தார். 1997 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பர்க், வேலையின்றிக் கிடந்த 250 கணினிகளைக் கொண்டு 40 பிட் சவால் ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் முடித்தார். 1998 ஜூலையில் மின்னணு எல்லை அறக்கட்டளை இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் கட்டிய ஒரு பொறி, 56 பிட் டெஸ் சாவியை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்தது. அரசு 56 பிட்டை நிபந்தனைகள் தளர்த்தி ஏற்றுமதிக்கு விட்டது அந்த ஆண்டின் இறுதி நாளில்தான். எல்லைக்கோடு ஒவ்வொரு முறை நகர்ந்தபோதும், உடைக்கத் தெரிந்தவர்கள் அதற்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

எழுதியவர்களும் கேட்டவர்களும்

விதியோடு நேருக்கு நேர் நின்றவர்கள் அன்று இருந்தார்கள். ஃபில் சிம்மர்மன் 1991 ஜூனில் பிஜிபி என்ற மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது இணையத்தின் வழியே நாடு கடந்தது. 1993இல் அவர் மேல் குற்றவியல் விசாரணை தொடங்கியது. 1996 ஜனவரியில் வழக்கு ஏதும் பதியாமல் கைவிடப்பட்டது. அதற்கு இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் சிறைவாசம் என்ற சாத்தியத்தோடுதான் அவர் வாழ்ந்தார்.

பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டேனியல் பெர்ன்ஸ்டைன், ஸ்னஃபில் என்ற தம் சிறு நிரலையும் அதை விளக்கும் கட்டுரையையும் வெளியிடலாமா என்று 1992இல் கேட்டார். உரிமம் வேண்டும் என்று பதில் வந்தது. 1995இல் வழக்குத் தொடுத்தார். நிரலும் பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டதே என்று நீதிபதி மெரிலின் ஹால் பட்டேல் 1996 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். 1999 மே மாதம் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு அவர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு பின்னர் மறுவிசாரணைக்காகத் திரும்பப் பெறப்பட்டது. ஒஹையோவில் சட்டப் பேராசிரியர் பீட்டர் ஜங்கர் நடத்திய வழக்கில், நிரலுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு என்பதை 2000 ஏப்ரலில் ஆறாம் வட்ட நீதிமன்றமும் ஏற்றது. கார்னின் வழக்கு 1996இல் தள்ளுபடியானது. ஆனால் அவர் அருகருகே வைத்த புத்தகமும் தகடும் ஒவ்வொரு விவாதத்திலும் திரும்பத் திரும்ப வந்தன.

விதிக்குக் கீழ்ப்படிந்து நடக்க முயன்றவர்களுக்கும் எளிதாக இல்லை. பெல் ஆய்வகத்தின் மேட் பிளேஸ் 1990களின் நடுவில் பாதுகாப்புத் தொலைபேசிக் கருவி ஒன்றைப் பயணத்தில் எடுத்துச் செல்ல, முறைப்படி தற்காலிக ஏற்றுமதி உரிமம் வாங்கினார். விமான நிலையத்தில் அந்த உரிமத்தை யார் பார்த்து ஒப்பமிடுவது என்பது சுங்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. தம் அனுபவத்தை அவர் எழுதி வெளியிட்டார். சொந்தப் பயன்பாட்டுக்காகக் கொண்டு செல்பவற்றுக்கு 1996 பிப்ரவரியில் விலக்கு வந்தது.

புத்தகத்துக்கு இருந்த சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. பிஜிபியின் முழு நிரலையும் எம்.ஐ.டி. அச்சகம் 1995இல் நூலாகவே வெளியிட்டது. அடுத்த பெரும் பதிப்பான 5.0இன் நிரல் 12 தொகுதிகளில் 6,000 பக்கங்களுக்கு மேல் அச்சாகி, சட்டத்துக்கு உட்பட்டு ஐரோப்பாவுக்குப் போனது. 1997இல் அங்கே 70க்கும் மேற்பட்டவர்கள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்து ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மீண்டும் மென்பொருளாக்கினார்கள். இன்று ஒரு கட்டளையில் சில நொடிகளில் இறங்கும் பொருளுக்காக அன்று அத்தனை பேர் வரிவரியாகக் கண் பதித்தார்கள்.

வேறு பலர் எழுதும் இடத்தையே மாற்றிக்கொண்டார்கள். எரிக் யங்கும் டிம் ஹட்சனும் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு எஸ்எஸ்எல்இஏஒய் நூலகத்தை எழுதினார்கள். 1998இன் இறுதியில் அதுவே ஓப்பன்எஸ்எஸ்எல் ஆனது. உலகின் வலைத்தளங்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் அதன்மேல்தான் நின்றது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் கனடாவின் கல்கரியிலிருந்து வந்தது. பிஜிபிக்கு மாற்றாக ஜெர்மனியில் வெர்னர் கோக் ஜிஎன்யுபிஜியை எழுதினார். டெபியன் லினக்ஸ் குழு, என்கிரிப்ஷன் தொகுப்புகளை மட்டும் அமெரிக்காவுக்கு வெளியே தனிச் சர்வரில் வைத்தது. தென்னாப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வர்த் 1995இல் தொடங்கிய தாட் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் நிறுவனத்தை, நான்கு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் வெரிசைன் 57 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அறிவு வெளியே போகாமல் காக்க எழுதிய விதி, அந்த அறிவு வெளியே வளரவும் வழி செய்தது.

இதன் உச்சம் 2000 அக்டோபரில் வந்தது. பழைய டெஸ் முறைக்குப் பதிலாகப் புதிய தரம் தேட அமெரிக்க அரசின் தர நிறுவனம் உலகப் போட்டி நடத்தியது. 15 முறைகள் களத்தில் இருந்தன. வென்றது பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமனும் வின்சென்ட் ரைமனும் உருவாக்கிய முறை. ஏஇஎஸ் என்ற பெயரில் 2001 நவம்பரில் அது அமெரிக்க அரசின் தரமானது. பத்தாண்டுகளாக ஏற்றுமதியைத் தடுத்துவந்த நாடு, தன் ரகசியங்களைக் காக்கும் முறையை வெளியிலிருந்து பெற்றுக்கொண்டது. நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்பது அந்தப் போட்டியின் பெருமை. அதே திறந்த மனம் ஏற்றுமதி விதியில் முன்பே இருந்திருந்தால் எத்தனையோ உழைப்பு மிஞ்சியிருக்கும்.

பட்டியல் இடம் மாறியது

மாற்றம் படிப்படியாகத்தான் வந்தது. 1996 நவம்பர் 15 அன்று அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணை, வணிக என்கிரிப்ஷனை ராணுவப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. வெளியுறவுத் துறைக்குப் பதில் வணிகத் துறை. ஆயுதம் என்ற பெயருக்குப் பதில் இருவகைப் பயன்பாட்டுப் பொருள் என்ற பெயர். 2000 ஜனவரி 14 அன்று வந்த விதி, எவரும் பெறும்படி வெளியிட்ட மூலநிரலை உரிமமின்றி ஏற்றுமதி செய்ய அனுமதித்தது. அரசுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். 2010 ஜூனில் பல வகைப் பொருள்களை நிறுவனங்கள் தாமே வகைப்படுத்தி, ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரலாம் என்றானது. 2021 மார்ச்சில், வெளியிட்ட மூலநிரல் அறியப்பட்ட தர முறைகளைப் பயன்படுத்தினால் அந்த மின்னஞ்சலும் வேண்டாம் என்றானது. அன்று ராணுவத் தளவாடமாக இருந்தது, இன்று ஒரு கடிதம்கூடக் கேட்பதில்லை.

இன்றைய வகைப்பாட்டு எண்களில் பழைய வரலாறு சுருங்கி நிற்கிறது. என்கிரிப்ஷன் மென்பொருளின் எண் 5டி002. முதலில் வரும் 5, தொலைத்தொடர்பும் தகவல் பாதுகாப்பும் அடங்கிய பிரிவு. டி என்றால் மென்பொருள். அடுத்து வரும் 0, தேசியப் பாதுகாப்பு காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்டது என்று பொருள்படும். கடையில் எவரும் வாங்கும் பொதுச் சந்தை மென்பொருளின் எண் 5டி992. அங்கே இரண்டு 0 இருந்த இடங்களில் இரண்டு 9 இருக்கின்றன. பயங்கரவாதத் தடை என்ற குறைந்த அளவுக் காரணம் மட்டுமே அதற்குப் பொருந்தும். முந்தையது பல நாடுகளுக்குச் செல்ல ஒரு விதிவிலக்கின் துணை தேவைப்படும் பொருள்; பிந்தையது ஒரு சில நாடுகள் தவிர எங்கும் போகக்கூடிய பொருள். இரண்டையும் பிரிப்பவை இரண்டே இலக்கங்கள்.

பிட் கணக்கிலும் பழையது தங்கியிருக்கிறது. சமச்சாவி முறையில் 56 பிட்டுக்கு மேல், ஆர்எஸ்ஏ முறையில் 512 பிட்டுக்கு மேல் என்பதே இன்னும் கட்டுப்பாட்டின் தொடக்கக் கோடு. 1999இலேயே 512 பிட் எண் ஒன்றைக் காரணிப்படுத்திக் காட்டிவிட்டார்கள். இன்று எந்த வலைத்தளமும் அந்தக் கோட்டுக்குக் கீழே பாதுகாப்பாக இயங்க முடியாது. ஆகவே கோட்டுக்கு மேலே இருப்பது விதிவிலக்காக இருந்த காலம் போய், எல்லாமே கோட்டுக்கு மேலே இருக்கும் காலம் வந்துவிட்டது.

விண்ணப்பதாரரின் நிலையும் மாறிவிட்டது. பெர்ன்ஸ்டைன் 1992இல் கேட்ட கேள்வி ஏழு ஆண்டு கழிந்தும் நீதிமன்றத்தில் இருந்தது. இன்று கூடுதல் கவனம் தேவைப்படும் வகைப் பொருளுக்குக்கூட, வகைப்பாட்டு விண்ணப்பம் கொடுத்து 30 நாள் கழிந்தால் பெரும்பாலும் அனுப்பத் தொடங்கலாம். மற்றவற்றுக்கு, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் ஓர் அட்டவணைக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதோடு வேலை முடிகிறது. மருத்துவமனைப் பதிவேடு, வங்கிச் செயலி, குடும்பத்தினர் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் எல்லாம் அன்று ராணுவ வலிமை என்று அழைக்கப்பட்ட பாதுகாப்போடு இயங்குகின்றன. கடலூரில் ஒரு மீனவர் வீட்டுக்கும் வாஷிங்டனில் ஓர் அமைச்சகத்துக்கும் இடையே, சாவியின் நீளத்தில் இன்று வேறுபாடு இல்லை. கிடைத்தவற்றில் முதலாவதாக இதையே சொல்வேன்.

மிஞ்சி நின்ற பலவீனம்

விதி மாறிய அன்றே மென்பொருள் மாறிவிடுவதில்லை. ஏற்றுமதிக்கென்று வேண்டுமென்றே பலவீனமாக்கிய முறைகள் 2000க்குப் பிறகும் நூலகங்களுக்குள் கிடந்தன. பழைய கருவிகளோடு பேச வேண்டியிருக்கலாம் என்று எவரும் அவற்றை நீக்கவில்லை. நாளடைவில் அவை எதற்காக அங்கே இருந்தன என்பதே மறந்துபோனது.

2015 மார்ச்சில் ஃப்ரீக் என்ற தாக்குதல் வெளிப்பட்டது. வலிமையான இணைப்பைக் கேட்கும் உலாவியையும், வலிமையான இணைப்பைத் தரக்கூடிய சர்வரையும், இடையில் நிற்கும் ஒருவர் பழைய 512 பிட் ஏற்றுமதி முறைக்கு இறக்கிவிட முடியும். ஏறத்தாழ 100 டாலர் வாடகைக் கணினியில் ஏழெட்டு மணி நேரத்தில் அந்தச் சாவி உடைந்தது. ஆப்பிள், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் எதுவும் தப்பவில்லை. உலாவிகள் நம்பும் தளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தப் பழைய முறைக்கு இறங்கிவரத் தயாராக இருந்தன. அந்தத் தளங்களுள் வெள்ளை மாளிகையின் தளமும் தேசியப் பாதுகாப்பு முகமையின் தளமும் இருந்தன. கண்டுபிடித்தவர்களுள் முக்கியமானோர் இன்ரியாவின் ஆய்வாளர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் 40 பிட் இணைப்பைத் திறந்து எச்சரித்த அதே நிறுவனம். இரண்டு மாதம் கழித்து லாக்ஜாம், அடுத்த ஆண்டு ட்ரௌன் என்று மேலும் இரண்டு தாக்குதல்கள் வந்தன. மூன்றுக்கும் வேர் 1990களின் ஏற்றுமதி விதி.

வெளியாருக்கென்று செய்த பலவீனம் வெளியாரிடமே தங்கிவிடும் என்றுதான் அன்று நம்பினார்கள். ஒரு தெருவில் அடுத்த வீட்டாருக்கென்று மெலிதாகச் செய்த பூட்டு, ஒரே பட்டறையில் செய்யப்படுவதால் தன் வீட்டுக் கதவுக்கும் வந்து சேர்கிறது. 1994இல் கையெழுத்தான ஒரு வகைப்பாட்டின் செலவை, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் 2015இல் இரவு கண்விழித்துத் தீர்த்திருப்பார்.

பொருளிலிருந்து ஆளுக்கு

இழந்தது என்ன என்று கேட்டால், முதலில் வருவது காரணம் கேட்கும் உரிமையின் கூர்மை. அன்றைய விதி கடுமையானது. ஆனால் மறுப்பு ஒரு கடிதமாக வந்தது. அதில் ஒரு கையொப்பம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடிந்தது. கார்னும் பெர்ன்ஸ்டைனும் ஜங்கரும் கேட்டதால்தான் நிரல் பேச்சா, பொருளா என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்தது. இன்று நிறுவனம் தானே வகைப்படுத்திக்கொள்கிறது. எவரும் மறுப்பதில்லை, ஆகவே எவரும் விளக்குவதும் இல்லை. சென்ற ஆண்டு எழுதிய எண்ணை இந்த ஆண்டும் எழுதுகிறார்கள். தன் மென்பொருளில் எந்தச் சாவி, எந்த முறை, எதற்காக என்பதை ஒரு பொறியாளர் உட்கார்ந்து எழுதிப் பார்க்கும் நல்ல பழக்கமும் அந்த வேகத்தில் தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது, கட்டுப்பாட்டின் பார்வை பொருளிலிருந்து ஆளுக்கு மாறியது. அன்று எத்தனை பிட் என்று கேட்டார்கள். இன்று யாருக்கு, எந்த நாட்டுக்கு என்று கேட்கிறார்கள். 2019 மே மாதம் சீன நிறுவனமான ஹுவாவே அமெரிக்காவின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஈரான், சிரியா, கிரைமியா பகுதிகளின் நிரலாளர்களுக்கு, நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப் தன் சேவைகளைக் குறைத்தது. ஈரானியர்களுக்கு மீண்டும் முழுமையாகத் திறக்க 2021 ஜனவரியில் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2020இல் ரிஸ்க்-வி சிப் வடிவமைப்பு அமைப்பு தன் பதிவை ஸ்விட்சர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. 1990களில் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் நகர்ந்த வேலையின் அடுத்த தலைமுறை நகர்வு அது. 40 பிட் பதிப்பு எவருக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்தது. பட்டியலில் பெயர் வந்தவருக்கு இன்று பல கருவிகள் கிடைப்பதே இல்லை.

இந்தியாவின் நிலையிலும் இந்த மாற்றம் தெரிகிறது. 1990களின் இறுதியில் நம் இணைய சேவை உரிம விதிகளும் 40 பிட் எல்லையை எழுதிவைத்தன. அதற்கு மேல் போக அனுமதி வேண்டியிருந்தது. 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட் பாதுகாப்பைக் குறைந்தபட்சமாகக் கேட்டது. ஒரே நாட்டின் இரண்டு விதிகளுக்கு இடையே 88 பிட் இடைவெளி. 2017 டிசம்பரில் வாசெனார் ஏற்பாட்டில் இந்தியா 42ஆவது உறுப்பினரானது. கோகாம் 1994இல் கலைந்த பிறகு 1996இல் பிறந்த, உலகின் இருவகைப் பயன்பாட்டுப் பட்டியலை வகுக்கும் அமைப்பு அது. அன்று பிறர் எழுதிய பட்டியலால் கட்டுப்பட்ட நாடு, இன்று பட்டியலை எழுதும் மேசையில் அமர்ந்திருக்கிறது. ஸ்கோமெட் என்ற நம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் 8ஆம் பிரிவில் தகவல் பாதுகாப்புக்குத் தனி இடம் உண்டு. பெங்களூரிலோ சென்னையிலோ இருந்து பாதுகாப்புக் கருவி விற்கும் நிறுவனம் இப்போது இரண்டு நாட்டுப் பட்டியல்களையும் பார்க்க வேண்டும்.

அடுத்த பட்டியல்கள்

என்கிரிப்ஷனின் இடத்தில் வேறு கருவிகள் வந்து நிற்கின்றன. 2013இல் வாசெனார் பட்டியலில் ஊடுருவல் மென்பொருள் சேர்க்கப்பட்டது. ஒடுக்குமுறை அரசுகளின் கையில் உளவுக் கருவி சேரக் கூடாது என்ற நோக்கம் நல்லது. ஆனால் எழுதிய வாசகம் அகலமாக இருந்தது. அமெரிக்கா 2015 மே மாதம் அதை விதியாக்க முனைந்தபோது, குறையைக் கண்டு சொல்லும் பாதுகாப்பு ஆய்வாளர்களும் அதில் சிக்குவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. 2017 டிசம்பரில் பட்டியலின் வாசகமே திருத்தப்பட்டது. இம்முறை வழக்கு, விசாரணை என்று பத்தாண்டு போகவில்லை. கருத்துக் கேட்டார்கள், கேட்டதைத் திருத்தத்தில் சேர்த்தார்கள். பழைய அனுபவம் கற்றுத் தந்த நல்ல பாடம் இது.

2022 ஆகஸ்டில் மிக நுண்ணிய சிப்களை வடிவமைக்கும் மென்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2025 மே மாதம் அதே துறை நிறுவனங்களுக்குச் சீன விற்பனை குறித்துக் கட்டுப்பாட்டுக் கடிதங்கள் போய், ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. 2025 ஜனவரியில் பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் எடைகளுக்கு ஒரு புதிய வகைப்பாட்டு எண் தரப்பட்டது. அந்த விதியைக் கைவிடுவதாக மே மாதம் அறிவித்தார்கள். அன்று ஒரு கோடு நகரப் பத்தாண்டு ஆனது. இன்று கோடு வருவதும் போவதும் சில மாதங்களில் நடக்கிறது. வேகம் தவறுகளை விரைவில் திருத்துகிறது. அதே வேகத்தில், விதிக்காக மென்பொருளுக்குள் செய்த மாற்றங்கள் விதி போன பின்னும் உள்ளே தங்கிவிடும் ஆபத்தும் கூடுகிறது.

கட்டுப்பாடே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. உளவுக் கருவி கொடுங்கோலர்களிடம் போகக் கூடாது. அதற்குப் பட்டியல் வேண்டும். ஆனால் மென்பொருளுக்கு எல்லைச் சாவடி கிடையாது என்பதை 1990கள் தெளிவாகவே காட்டிவிட்டன. கட்டுப்பாடு எவரை நோக்கி எழுதப்பட்டாலும் அதை நிறைவேற்றும் நிரல் எல்லோருடைய கணினியிலும்தான் ஓடுகிறது. ஆகவே பட்டியலில் ஒரு வரி சேரும்போதே, அது ஏன் சேர்ந்தது, எப்போது மறுபார்வைக்கு வரும் என்பதும் சேர்ந்து எழுதப்பட வேண்டும். வரி நீங்கும்போது, அதற்காக உள்ளே வைத்ததை எடுத்துவிடும் பொறுப்பும் எவருக்கு என்று சொல்லப்பட வேண்டும். படிவத்தை நிரப்புபவர் தாம் எதற்கு எந்த எண்ணைத் தருகிறோம் என்று அறிந்து தருவது அந்தப் பொறுப்பின் முதல் படி. எளிமையான படிவம் கார்ன் தலைமுறையின் போராட்டம் நமக்குத் தந்தது. அதைப் படித்து நிரப்புவது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது.